சத்தமில்லாத குடித்தனக்காரன்

எஸ்தர் லெடர்பெர்க் என்ற அம்மையார் 1951-ல் ஒரு செய்தியை வெளியிட்டார். விஸ்கான்ஸினில் தாம் வளர்த்துவந்த கே-12 என்னும் பாக்டீரியாவுக்குள் லாம்டா என்ற வைரஸ் ஒன்று சத்தமில்லாமல் குடியிருக்கிறது! 1958-ல் அவர் கணவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அம்மையாரின் பெயரோ இன்றும் பலருக்குத் தெரியாது. எனக்கு இதில் வருத்தமுண்டு.

உள்ளே எப்படி ஒட்டிக்கொள்கிறது? 1962-ல் ஆலன் காம்ப்பெல் ஒரு யுக்தி சொன்னார். வைரஸின் டி.என்.ஏ. முதலில் வளையமாகிறது. அதில் ஒரு வெட்டு, பாக்டீரியாவின் டி.என்.ஏ.யில் ஒரு வெட்டு. முனைகளை மாற்றி ஒட்டினால் வளையம் உள்ளே நீட்டிப் படுத்துவிடும். எத்தனை சுலபம், பாருங்கள்!

ஆனால் எல்லாம் காகிதத்தில்தான். 1975-ல்தான் ஹோவர்ட் நாஷ் அதைச் சோதனைக் குழாயில் நடத்திக் காட்டினார். வெட்டுவது இன்டெக்ரேஸ் என்ற நொதி. கண்ட இடத்தில் கை வைக்காது; காலக்டோஸ் ஜீன்களுக்கும் பயோட்டின் ஜீன்களுக்கும் நடுவே ஒரே இடம். அங்கே 15 எழுத்துக்கள் இரு தரப்பிலும் ஒன்றாயிருக்கும். வெட்டிய முனையைத் தன் பிடியிலேயே வைத்திருந்து மறு முனையோடு சேர்க்கிறது. தையற்காரருக்காவது நூல் வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம்.

புற ஊதாக் கதிர் பட்டுப் பாக்டீரியாவுக்கு ஆபத்து வந்தால், இன்னொரு சிறு புரதத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, வைரஸைப் பழையபடி வளையமாக வெட்டியெடுத்துவிடும். பிறகு குடித்தனக்காரன் பெருகி, வீட்டையே உடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.