ஓவியப் பச்சையும் அதன் பெயர்களும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அவற்றின் வண்ணப் பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியக வேதியியலர் எஸ். பரமசிவன் அப்பத்தாண்டிலேயே பகுத்தாய்ந்தார். சித்தன்னவாசல் ஓவியங்களையும் ஆராய்ந்தார். ஈரிடத்தும் பச்சைக்கு அவர் கண்ட பொருள், ஆங்கில நூல்களிலும் பிரெஞ்சுப் பெயராலேயே வழங்கும் 'டெர் வெர்ட்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பச்சை மண்'. இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

தமிழில் 'பச்சை' நிறத்தை மட்டும் சுட்டுவதன்று. ஈரம், பதப்படாமை, இளமை ஆகியவற்றையும் சுட்டும். குயவர்க்குப் பச்சை மண் என்பது சுடாத களிமண். பேச்சு வழக்கில் கைக்குழந்தையும் பச்சை மண்ணே. 'பசுமண்' எனச் செந்தமிழாக்கினும் பயனில்லை. 660ஆம் குறளில் மட்கலத்துக்கு அடையாக வரும் 'பசு' சுடாமையையே குறிக்கிறது. ஆகவே 'சுவரில் பச்சை மண் பூசினர்' எனப் படிப்பவர், ஈரச் சாந்தைப் பற்றிய செய்தியாக அதனைக் கொள்ள இடமுண்டு. சுவரோவியத்தில் சாந்தின் ஈரமே முதன்மையான ஆராய்ச்சிப் பொருள் என்பதால் இம்மயக்கம் சிறிதன்று. கன்னடத்தில் இத்தொல்லை இல்லை: அங்கு 'ஹசி' ஈரமும் பதப்படாமையும், 'ஹசிரு' நிறம். ஒரே வேரினின்று தோன்றிய இவ்விரண்டும் வடிவத்தால் பிரிந்துவிட்டன. இருமொழியும் புழங்கும் பெங்களூர் லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் வாழ்வோர்க்கு இது எளிதில் புலனாகும்.

மயக்கத்தைத் தவிர்க்கக் கருதி 'தாமிரப் பச்சை' என எழுதுவது அதனினும் பெரும் பிழை. டெர் வெர்ட்டின் நிறம் இரும்பால் வருவது. செலடோனைட், கிளாக்கோனைட் என்னும் கனிமங்களே அதன் கூறுகள். சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். செம்பின் மேல் காடியின் ஆவி பட்டு உண்டாகும் பச்சையோ தாங்காது. காகித ஓவியங்களில் தாளையே அரித்துக் கருக்கிவிடும். இவ்விரண்டனுள் எது என்று அறியாமல் ஓவியத்தைப் பேணுவோர் கைவைத்தல் இயலாது.

செம்பிற் பச்சைக்குத் தமிழில் நல்ல பெயர் ஒன்று உண்டு: களிம்பு. ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் காட்டும் உவமையும் செம்பிற் களிம்பே. இன்று அச்சொல் மருந்துக் கடைக்குச் சென்றுவிட்டது. 'செம்புக் களிம்பு' என அடைகொடுத்தால் மீட்கலாம்.

டெர் வெர்ட்டுக்குப் 'பச்சைக்காவி' என்பதே என் பரிந்துரை. காவி செம்மையைச் சுட்டுவதாயிற்றே எனலாம். 'மஞ்சட்காவி' வழக்கில் நிற்கையில் அத்தடை வலுவற்றது. மூன்றுக்கும் நிறம் தருவது இரும்பே.