செங்கைச் சீமை – 31: எழுத்துக்கு ஓர் அடி

சினிமா விநியோகஸ்தர்களிடம் தமிழ்நாட்டுக்கென்று தனி வரைபடம் ஒன்று உண்டு. அதில் மாவட்டங்கள் கிடையாது, ஏரியாக்கள்தான். கோவை ஏரியா, சேலம் ஏரியா, திருச்சி-தஞ்சை ஏரியா. சென்னை சிட்டி முடிகிற இடத்தில் தொடங்குவது செங்கல்பட்டு ஏரியா. கோவளம் குப்பத்துக்காரரும் மாமல்லபுரத்துச் சிற்பியும் கொடுக்கிற டிக்கெட் காசு இந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

1992 ஜூன் 27. ரஜினியின் ‘அண்ணாமலை’ வெளியான நாள். விளக்கு அணைந்ததும் இருண்ட திரையில் புள்ளி புள்ளியாய் வெளிச்சம் கூடி ஓர் எழுத்து வந்தது. அடுத்து இன்னொன்று. எழுத்துக்கு ஓர் அடி விழுந்தது. இடையிடையே கும்பல் குரலில் ஓர் அதட்டல். சூப்பர் ஸ்டார் என்ற பட்டம் முழுசாய்த் தெரிவதற்குள் விசில் சத்தத்தில் மிச்ச இசை காதில் விழவில்லை. கதாநாயகன் இன்னும் திரைக்கு வரவே இல்லை, அதற்குள் இத்தனை!

அந்தச் சில நொடிகளுக்கு இசையமைத்தவர் நம் சீமைக்காரர். 1950 நவம்பர் 20-ல் மாங்காட்டில் பிறந்த தேவா. அன்றைக்கு மாங்காடு செங்கல்பட்டு மாவட்டம். ஒற்றைக் காலில் தீ நடுவே தவம் இருந்த காமாட்சியின் ஊர்.

ஜேம்ஸ்பாண்ட் படங்களின் தொடக்கத்தைப் பார்த்து வந்த யோசனைதான் இந்த டைட்டில் என்று இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா சொல்லியிருக்கிறார். அந்த பாண்ட் இசைக்குள்ளும் ஒரு வழக்கு இருக்கிறது. 1962-ல் வந்த ‘டாக்டர் நோ’வுக்காக மெட்டுப் போட்டவர் மான்ட்டி நார்மன். அதை வாத்தியங்களுக்குப் பிரித்து, கிட்டாரும் பித்தளைக் குழல்களும் சீறுகிற மாதிரி ஆக்கியவர் ஜான் பேரி. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1933-ல் பிறந்தவர். தந்தை சினிமாக் கொட்டகைகள் நடத்தியவர். பேரி டிரம்பெட் வாசித்துக்கொண்டு சொந்தக் குழுவோடு மேடை மேடையாகச் சுற்றி, பிறகு சினிமாவுக்குப் போனவர். டி.வி. தொடர்களுக்கும் டைட்டில் இசை போட்டார், ஐந்து ஆஸ்கர் வாங்கினார். ஆனாலும் பாண்ட் மெட்டு யாருடையது என்ற சண்டை 2001-ல் லண்டன் நீதிமன்றம் வரை போனது, நார்மன் ஜெயித்தார். மெட்டு ஒருவருடையது, அது காதில் விழுகிற விதம் இன்னொருவருடையது என்றால் பெயரை யாருக்குக் கொடுப்பது? கோடம்பாக்கத்துக்கும் இது பழைய கேள்விதான். தேவாவின் இசைக்கூடத்தில் தம்பிகள் சபேஷும் முரளியும் எவ்வளவு உழைத்தார்கள் என்பது வாத்தியக்காரர்களுக்குத் தெரியும். ‘ஆட்டோகிராஃப்’ படத்தின் பின்னணி இசைக்கு அந்தத் தம்பிகளின் பெயரே வந்தது.

தேவாவும் கச்சேரி மேடையில் இருந்து வந்தவர்தான். இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரிடமே இவரும் பாடம் கேட்டார். 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். ஓய்ந்த நேரத்தில் மெட்டு. பக்திப் பாடல் கேசட்டுகளுக்கு இசை. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற கோயிலில் கூம்பு ஸ்பீக்கர் அலறுமே, அந்தச் சந்தை அது. அங்கே மெட்டு முதல் தடவையிலேயே பிடிபட வேண்டும், இல்லாவிட்டால் கேசட் விற்காது. பின்னாளில் அவருடைய சினிமாப் பாட்டுகளில் பல்லவி சட்டென்று வாயில் ஒட்டிக்கொள்வதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம் என்றே படுகிறது.

பிறகு சினிமா. 1989-ல் ராமராஜன் நடித்த ‘மனசுக்கேத்த மகராசா’. அடுத்த வருடம் பிரசாந்த் அறிமுகமான ‘வைகாசி பொறந்தாச்சு’. அப்போது தேவாவுக்கு ஏறக்குறைய நாற்பது வயது. சினிமாவில் புதுமுகம் என்று சொல்கிற வயது அல்ல.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். ‘அண்ணாமலை’ வந்து ஏழு வாரத்தில், 1992 ஆகஸ்ட் 15 அன்று ‘ரோஜா’ வந்தது. ஒரு பக்கம் இளையராஜா, மறுபக்கம் ஏ.ஆர்.ரஹ்மான். அந்த இடுக்கில் மாட்டியவர் நசுங்கிப் போயிருக்க வேண்டும். தேவா நசுங்கவில்லை. ‘பாட்ஷா’, ‘ஆசை’, ‘காதல் கோட்டை’, ‘நேருக்கு நேர்’, ‘வாலி’, ‘குஷி’ என்று பத்து வருடம் பட்டியல் நீண்டது. வெளிநாட்டு மெட்டுகளை எடுத்துப் போடுகிறார் என்ற பேச்சும் கூடவே வந்தது. சில பாட்டுகளைக் கேட்கும்போது அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பேச்சு எட்டாத இடம் ஒன்று இருந்தது: கானா.

கானா வடசென்னையின் சாவு வீட்டுப் பாட்டு. இரவு முழுக்கப் பிணத்துக்குக் காவல் இருப்பவர்கள் தூங்காமல் இருக்கப் பாடியது. பானையோ, டேப் மேளமோ, ஒன்றும் இல்லாவிட்டால் தீப்பெட்டியோ தாளத்துக்குப் போதும். செத்தவரைப் புகழ்ந்து தொடங்கி, வாழ்க்கையையே கிண்டல் செய்து முடியும். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் மணலில் குடும்பத்தோடு வந்து தங்குகிற இருளர்கள் கன்னியம்மனுக்குப் பாடுவது வேறு வகைப் பாட்டு. ஆனால் சபா மேடை இரண்டையுமே ரொம்ப காலம் சீந்தியதில்லை. தேவா கானாவைக் கொண்டுவந்து பெரிய ஹீரோக்களின் படங்களில் வைத்தார். நல்ல குரல் தேடி அலையாமல், தன் கரகரத்த குரலிலேயே பாடினார். ‘காதல் கோட்டை’யில் அந்தக் குரல் ஒலித்த பிறகு கல்லூரி பஸ்ஸின் கடைசி சீட்டில் தகரத்தைத் தட்டிப் பாடாத பையன் கிடையாது.

2000-ல் வந்த ‘முகவரி’யில் அஜித்துக்கு வாய்ப்புத் தேடி அலைகிற இசையமைப்பாளர் வேடம். அந்தப் படத்துக்கு இசை, நாற்பது வயதில் அடையாளம் கிடைத்த தேவா. யார் யோசித்து வைத்தார்களோ!

ரஜினி டைட்டில் முப்பது வருடம் தாண்டியும் ஓடுகிறது. மாங்காடுதான் இடம் மாறிவிட்டது. செங்கை எம்.ஜி.ஆர். என்று பெயர் மாறியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019-ல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானபோது மாங்காடு காஞ்சிபுரத்தோடே நின்றுவிட்டது. விநியோகஸ்தர் வரைபடத்தில் மட்டும் எதுவும் மாறவில்லை. அந்தப் பக்கத்துக் கொட்டகையில் ரஜினி படம் ஓடினால் வசூலை இன்றும் செங்கல்பட்டு ஏரியாவில்தான் எழுதுகிறார்கள்.