பதினைந்து நிமிட இசைக்காக

1976-ஆம் ஆண்டு 'தி ஓமன்' என்னும் ஆங்கிலத் திகில் படம் வெளிவந்தபோது, அதன் பின்னணி இசையைத் தாங்கிய இசைத்தட்டு ஒன்றும் விற்பனைக்கு வந்தது. இரு பக்கங்களும் சேர்ந்து ஏறத்தாழ 34 நிமிடங்கள் ஓடும் தட்டு அது. படத்தைப் பார்த்து நடுங்கிய இரசிகர்கள் அதனை வாங்கிச் சென்று வீட்டில் சுழலவிட்டபோது ஒரு குறை கண்டனர். திரையரங்கின் இருளில் தங்களைச் சிலிர்க்கவைத்த பகுதிகள் சில, தட்டில் இல்லை. வேறு வழியின்றிக் காத்திருந்தனர். 1990-இல் குறுந்தட்டு வந்தது. அதுவும் பழைய தட்டின் மறுபடியே. 2001-இல்தான் வெரேஸ் சராபாண்ட் என்னும் இசை நிறுவனம், ஒலிநாடாக்களைச் செப்பனிட்டு, விடுபட்டவற்றையும் சேர்த்து, ஏறத்தாழ 49 நிமிடங்கள் கொண்ட விரிவான பதிப்பை வெளியிட்டது. இடையில் ஓடியவை 25 ஆண்டுகள். கூடுதலாகக் கிடைத்தது 15 நிமிட இசை. 2016-இல், படத்தின் 40-ஆம் ஆண்டையொட்டி, மீண்டும் ஒருமுறை செப்பனிட்ட பதிப்பு வந்தது. முன்பே வைத்திருந்தவர்களும் அதனை வாங்கினர்.

பேய்ப்படத்து இசைக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றி இவ்விதழில் எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் அவ்விசை எதைக்கொண்டு கட்டப்பட்டது என்று நோக்கும்போது, அதன் செங்கற்கள் நம் வீட்டுச் சுவரிலிருந்து எடுத்தவையென்று தெரியவருகிறது.

படத்தின் கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். அமெரிக்கத் தூதர் ஒருவர், இறந்து பிறந்த தம் குழந்தைக்கு மாற்றாக, தாயில்லாச் சிசு ஒன்றை மனைவி அறியாமல் எடுத்து வளர்க்கிறார். டேமியன் என்னும் அந்தச் சிறுவன் எதிர்க்கிறிஸ்து என்பது சிறிது சிறிதாகத் தெரியவருகிறது. தூதராக நடித்தவர் கிரிகரி பெக். இயக்கியவர் ரிச்சர்டு டானர். திருவெளிப்பாடு 13-ஆம் அதிகாரத்தில் வரும் 666 என்னும் எண்ணைப் படம் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டது. படத்தில் ஒரு குரு ஓதும் தீர்க்கதரிசனச் செய்யுளையும் விவிலியத்தில் உள்ளதென்றே பலர் நம்பினர். அது திருவெளிப்பாட்டில் மட்டுமன்று, விவிலியத்தின் எந்த நூலிலும் இல்லை, படத்துக்காகப் புனையப்பட்டது. இதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறோம்.

இசைக்கு வருவோம். ஜெரி கோல்ட்ஸ்மித் 1929-இல் லாஸ் ஏஞ்சல்சில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 'ஓமன்' எடுத்து முடியும் தறுவாயில் பணம் தீர்ந்துவிட்டது. கோல்ட்ஸ்மித்தான் வேண்டுமென்று டானர் வற்புறுத்தவே, ஃபாக்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆலன் லாட் இசைக்கெனத் தனியே பணம் ஒதுக்கினார். படத்தைப் பார்த்த கோல்ட்ஸ்மித்தின் மனத்தில் முதலில் ஒலித்தவை மனிதக் குரல்களே. கருவிகள் பின்னரே வந்தன. திருப்பலியைத் தலைகீழாக்கிய 'கறுப்புப் பூசை' ஒன்றைப் பாடற்குழுவுக்கென எழுதுவது என்று முடிவு செய்தார். இலண்டனில் பாடற்குழுவின் தலைவரோடு அமர்ந்து, திருப்பலியின் இலத்தீன் சொற்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். ஆண்டவரின் திருவுடலையும் திருஇரத்தத்தையும் குறித்த சொற்கள் அலகையைக் குறிப்பனவாயின. 'ஆவே மரியா' என்று வாழ்த்திய நாவு 'ஆவே சாத்தானி' என்றது. அதுவே படத்தின் முகப்பு இசைக்குப் பெயராயிற்று. லயனல் நியூமன் நெறிப்படுத்த, தேசிய ஃபில்ஹார்மானிக் இசைக்குழு இலண்டனில் இதனை இசைத்தது.

அந்த இலத்தீனில் பிழை உண்டு. இரத்தத்தைப் பருகுவதாகக் கூறும் இடத்தில், 'சங்குவினெம்' என்று செயப்படுபொருளாக நிற்கவேண்டிய சொல் 'சங்குவிஸ்' என்று எழுவாய் வடிவிலேயே நின்றுவிட்டது. தமிழில் 'நீர் பருகினான்' என்று இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கலாம். இலக்கணிகள் அதற்குத் தொகை என்று பெயரும் இட்டுள்ளனர். இலத்தீன் அந்தச் சலுகையை அளிப்பதில்லை. ஆக, உலகையே அச்சுறுத்திய அந்தப் பாடல் இலக்கண வகுப்பில் தேர்ச்சி பெற்றிராது.

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது? ஆண்குரல்கள் தாழ்ந்த சுரத்தில், துறவு மடத்தில் திருப்பாடல் ஓதுவதுபோலத் தொடங்குகின்றன. நம் செவி அதனை அறியும். அடைக்கலத்தின் ஒலி என்று அறியும். அந்நம்பிக்கையோடு நெருங்கும்போதுதான் தாளம் இறுகுகிறது. குரல்கள் ஏறி மோதுகின்றன. இடையிடையே கிசுகிசுப்புகள் புகுகின்றன. ஸ்ட்ராவின்ஸ்கி 1930-இல் இலத்தீன் திருப்பாடல்களுக்கு அமைத்த சிம்பொனியின் சாயலும் நமக்குக் கேட்கிறது. இதற்கு எதிர்ப்புறத்தில், தூதரின் இல்லற மகிழ்ச்சியைக் குறிக்க மிக மென்மையான ஒரு மெட்டையும் கோல்ட்ஸ்மித் வைத்தார். படம் செல்லச் செல்ல அம்மெட்டு மெலிந்து, பாடற்குழுவிடம் தோற்றுப்போகிறது. சிறுவனைப் பெற்றோர் காரில் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் காட்சி ஒன்று உண்டு. கோபுரம் அருகில் வர வர அவன் முகம் மாறுகிறது. தன்னைச் சூழ்ந்திருக்கும் நகரத்தையும் மக்களையும் விட்டு, அவன் கண்கள் அக்கட்டடத்தின் மீதே நிற்கின்றன. அங்கே இசை செய்யும் வேலையை எந்த உரையாடலும் செய்திருக்க முடியாது. இவ்விசை அலகையைப் புகழ்கிறது என்று கடிந்துகொண்டோர் பலர். நாமோ வேறொன்றையும் காண்கிறோம்: அது கோயிலின் ஆற்றலை அறிந்தவரின் இசை. எவருக்கும் மதிப்பில்லாத ஒன்றைத் தலைகீழாக்கினால் யாரும் நடுங்கார்.

ஆண்டைக் கவனிக்க வேண்டும். திருவழிபாட்டைப் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கொள்கைத் திரட்டு 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியாயிற்று. மக்கள் மொழிக்கு அது கதவு திறந்தது. அதே வேளையில் இலத்தீன் பேணப்படவேண்டும் என்றும், கிரகோரியன் பண்ணுக்கு முதன்மை இடம் உண்டு என்றும் தெளிவாகக் கூறிற்று. முதற்பகுதியை உலகெங்கும் ஆவலோடு நிறைவேற்றினோம். தாய்மொழியில் திருப்பலி கண்ட மகிழ்ச்சி சிறிதன்று. அதனை ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டோம். இரண்டாம் பகுதியோ பங்குகளில் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. இறந்தோர் திருப்பலியில் நூற்றாண்டுகளாகப் பாடிவந்த 'தியெஸ் ஈரே' என்னும் பாடலும் 1970-ஆம் ஆண்டின் திருப்பலி நூலோடு அவ்விடத்திலிருந்து நீங்கியது. அப்பாடலின் மெட்டை பெர்லியோஸ் 1830-லேயே தம் சிம்பொனியில் சூனியக்காரிகளின் கூட்டத்துக்குப் பயன்படுத்தியிருந்தார். கோல்ட்ஸ்மித் 1971-இல் 'தி மெஃபிஸ்டோ வால்ட்ஸ்' படத்தில் அதனைக் கையாண்டார்; 1980-இல் 'தி ஷைனிங்' அதனோடுதான் தொடங்கியது. கோயில் இறக்கிவைத்ததைத் திரையரங்கு எடுத்துக்கொண்டது. இலத்தீன் பாடற்குழுவின் ஒலியை முதன்முதலாகப் பேய்ப்படத்தில் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உருவாகிவிட்டது. அத்தலைமுறைக்கு அவ்வொலி தரும் பொருள் என்னவாக இருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

1977 மார்ச் 28-ஆம் நாள் கோல்ட்ஸ்மித்துக்கு இப்படத்தின் இசைக்காக ஆஸ்கார் விருது கிடைத்தது. அவ்வாண்டு அவரோடு போட்டியில் நின்றவற்றுள், பதினைந்து மாதங்களுக்கு முன் மறைந்த பெர்னார்டு ஹெர்மனின் படைப்புகள் இரண்டு. வாழ்நாளில் 18 முறை முன்மொழியப்பட்ட கோல்ட்ஸ்மித் பெற்ற ஒரே ஆஸ்கார் இதுவே. சிறந்த பாடல் வரிசையிலும் 'ஆவே சாத்தானி' இடம்பெற்றது; பரிசு பெறவில்லை. 2004-இல் அவர் காலமானார். விரிவான பதிப்பு அவர் கண்முன்னே வந்தது என்பது இரசிகர்களுக்கு ஓர் ஆறுதல்.

அந்த இரசிகர்களின் பொறுமையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வீட்டில் படம் பார்க்கும் வசதி பரவாத காலத்தில், பார்த்த படத்திலிருந்து ஒருவர் வீட்டிற்கு எடுத்துச் செல்லக்கூடியது இசைத்தட்டு ஒன்றே. தட்டின் அளவுக்கேற்ப இசையை வெட்டினர்; வரிசையை மாற்றினர். 1978-இல் வந்த இரண்டாம் படத்தின் தட்டோ, திரையில் ஒலித்த பதிவே அன்று. தட்டுக்கென மறுபடி இசைத்துப் பதிந்தது. இரசிகர் செவிகள் இவ்வேறுபாடுகளை நொடி நொடியாகக் கணக்கு வைத்திருந்தன.

ஒலிநாடாவோ சாகும் பொருள். காந்தத் துகளை நாடாவோடு ஒட்டிவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் காலப்போக்கில் பிசுபிசுத்துவிடும். அக்காலத்து நாடாக்கள் பலவற்றைக் கருவியில் ஓட்டினால் துகள் உரிந்து, இசையும் அதனோடு உரிந்து போகும். ஆகவே அத்தகைய நாடாவை மிதமான சூட்டில் பல மணிநேரம் வைத்து உலர்த்தி, பசை தற்காலிகமாக இறுகியிருக்கும்போதே பிரதி எடுக்கின்றனர். பின்னர் இரைச்சலை நீக்குவது, ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்வது என வேலை தொடரும். 'ரீமாஸ்டரிங்' என்று இரசிகர்கள் நம்பிக்கையோடும் சற்றே அச்சத்தோடும் உச்சரிப்பது இதனைத்தான். அச்சத்துக்குக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே உரப்பில் உயர்த்திவிடும் கெட்ட பழக்கம் 1990-களிலிருந்து ஒலித்தட்டுத் தொழிலில் பரவியது. கிசுகிசுப்பும் முழக்கமும் ஒரே அளவில் ஒலித்தால் 'ஓமன்' இசையில் எஞ்சுவது என்ன? எனவே புதிய பதிப்பு என்ற செய்தி வரும்போதெல்லாம், எந்த நாடாவிலிருந்து, யார் கையால் என்று முதலில் கேட்கின்றனர்.

இவ்வளவு கவனம் ஒரு பேய்ப்படத்து இசைக்கு. நம் தமிழ்ப் பங்குகளில் 1960-களின் நடுப்பகுதிவரை இலத்தீன் பூசைக்குப் பாடிய குழுக்கள் இருந்தன. 'கீரியே'யும் 'குளோரியா'வும் எழுத்தறியா நாவுகளிலும் மனப்பாடமாக நின்றன. அக்குரல்களில் எத்தனை நாடாவில் ஏறின? அவர்கள் கையாண்ட பாட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றதை நாமே கண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், இளமையில் சிறிய குருமடத்தில் பயின்று பின்னர் ஆசிரியப் பணி ஆற்றிய ஒரு பெரியவருக்கு 'ஓமன்' குறுந்தட்டின் முகப்பு இசையை ஒலிக்கச் செய்தோம். படத்தைப் பற்றி முன்னதாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் திகைப்பார் என்று எதிர்பார்த்தோம். கண்களை மூடிக் கேட்டவர், அரை நிமிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"'சங்குவினெம்' அல்லவா வரவேண்டும்? இவர்களுக்கு இலத்தீன் கற்பித்தவர் யார்?"

பொருளை விளக்கினோம். "அது தெரிகிறது ஐயா, தெரிகிறது. அதற்காகப் பிழையாகவா பாடுவது?" என்றார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தாமாகவே 'தியெஸ் ஈரே'யைத் தொடங்கினார். அப்பாடலுக்குப் பத்தொன்பது பத்திகள். பன்னிரண்டாம் பத்திவரை தடையின்றி வந்தது. அதன்பின் சொல் மறந்து மெட்டை மட்டும் முனகினார். குரல் நடுங்கினாலும் சுரம் நழுவவில்லை. பக்கத்து அறையிலிருந்து அவருடைய மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சென்றார்.

நம் கையில் இருந்த கருவியில் பாட்டு கேட்கவும் முடியும், பதிவு செய்யவும் முடியும். அந்நேரத்தில் நமக்கு அது தோன்றவில்லை. மறுமுறை வரும்போது எஞ்சிய பத்திகளையும் நினைவுகூர்ந்து வைப்பதாகச் சொன்னார். அடுத்த தவக்காலத்துக்குள் அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார்.