'லிஸ்': ஒரு பிரெஞ்சுச் சொல்லும் நம்மவர் கணிதமும்

ராயபுரத்து ரிட்டயர்டு குமாஸ்தாவுக்கு உயர் கணிதம் எதற்கு என்பீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'லிஸ்' என்றால் வழுவழுப்பானது. கணிதத்திலும் அதே சொல்தான்.

1937-இல் பிரான்சிலிருந்து இந்தியா வந்த ராசின் பாதிரியார் பின்பு லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்தார். அவரிடம் படித்த சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் 1953-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள். 1965-இல் இருவரும் நிறுவிய தேற்றம், வளைவரை மேலுள்ள நிலையான கற்றைகளையும் ஒரு குலத்தின் பிரதிநிதித்துவங்களையும் நேருக்கு நேர் பொருத்தியது.

குலம் எந்தெந்த விதத்தில் செயல்படுகிறது என்பதே பிரதிநிதித்துவம். அவை அனைத்தையும் அவற்றின் உறவுகளோடு வைத்துக் குலத்தையே மீட்கலாம் என்பது ஜப்பானியர் தன்னாகா தொடங்கிய வழி. முகம் பாராத அதிகாரியைக் கோப்புகளைக் கொண்டே அறிவதுபோல. 1976-இல் மாதவ் நோரி இவ்வழியில் கற்றைகளிலிருந்து ஒரு குலத்தைக் கட்டினார்.

அப்படி மீட்ட குலம் வழுவழுப்பானதா? நம் சாதாரண எண்களில் எப்போதும் ஆம். இது பிரெஞ்சுக்காரர் கார்த்தியேவின் தேற்றம். ஒன்றைப் p முறை கூட்டினால் பூஜ்யமாகிற எண்ணுலகில் (p ஒரு பகா எண்) அந்த உறுதி இல்லை. அங்கும் கோப்பே பதில் சொல்லும். எல்லா எண்ணுக்கும் p-ஆம் மூலம் உண்டென்று கொள்வோம். பிரதிநிதித்துவங்களின் உறுப்புகளை p-ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள். குலம் வழுவழுப்பானதென்றால் புதிதாக ஒன்றும் நேராது. புது உறவோ புதுத் துண்டோ முளைத்தால், குலத்தில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டு.

சேஷாத்ரி 1989-இல் சென்னையிலேயே கணிதக் கழகம் தொடங்கினார். 2020-இல் அவரும், 2021-இல் நரசிம்மனும் மறைந்தனர். பேரப்பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களைச் சொல்லி வையுங்கள்.