அண்ணன்மார் கதையும் முப்பரிமாண ஒலிப்பதிவும்: கேட்போர் இருக்கை பற்றிய ஓர் ஆய்வு

1965ஆம் ஆண்டில், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கிக் கொங்குச் சமுதாயத்தை ஆராய்ந்துகொண்டிருந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார், இ. சி. இராமசாமி என்னும் பாடகர் உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடிய, கொங்குநாட்டின் வாய்மொழி வீரகாவியமாகிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982இல் வெளிவந்த அவருடைய ஆய்வு நூலுக்கும், 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வெளியிட்ட இருமொழிப் பதிப்புக்கும் அப்பதிவே ஆதாரமாயிற்று. இக்கதை அவ்விரு நூல்களுக்கும் முன்னரே கவிஞர் சக்திக்கனல் அவர்களால் அச்சேறியிருந்தபோதிலும், பாடகரின் மூச்சும் தயக்கமும் உடுக்கையின் முடுக்கமும் உட்பட அதனை ஒலிவடிவில் பேணிய வகையில் கொங்குநாடு அவ்வம்மையாருக்குப் பெரிதும் கடமைப்பட்டுள்ளது.

அந்நாளைய கள ஆய்வாளர் கையாண்ட ஒலிநாடாக் கருவிகளோ பெரும்பாலும் ஒற்றை மைக்கின்வழி வந்த சப்தத்தை ஒற்றைத் தடத்தில் பதிப்பன. சொல், இராகம், தாளம் ஆகிய மூன்றையும் அவை காத்தன. திசையையும் தூரத்தையும் காக்கவில்லை. உடுக்கையடிப் பாட்டில் அவ்விரண்டும் எவ்வளவு முக்கியமானவை என்பதைப் பாடகரின் அருகே அமர்ந்தவர் அறிவர். ஒரு கை உடுக்கையின் இடையிலுள்ள கயிறுகளை இறுக்குந்தோறும் தோலின் சுருதி ஏறுகிறது, தளர்த்துந்தோறும் இறங்குகிறது, மறுகை விரல்களின் அடி, கேட்பவர் முகத்தெதிரே வெடிப்பதுபோல் வந்து விழுகிறது. பாடகர் ஓரடி சொல்லி முடிக்குமுன் பக்கத்திலிருந்து பின்பாட்டுக்காரரின் குரல் அதனை ஏற்கிறது. கதை முறுகும்போது கூட்டத்தில் ஒருவருக்கு அருள் வந்து, எங்கோ முதுகுக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல் எழ, அனைவர் தலையும் ஒருசேரத் திரும்புகின்றது. ஒற்றைத் தட நாடாவில் இவையெல்லாம் ஒரே புள்ளியிலிருந்து புறப்படும் சப்தங்களாக ஒடுங்கிவிடுகின்றன.

இன்று மெய்நிகர் உலகங்களுக்கெனப் பயிலும் முப்பரிமாண ஒலிப்பதிவு இக்குறையைத் தீர்க்க வல்லது. ஆயினும் அக்கலையின் தலையாய பிரச்சினை கருவியைப் பற்றியதன்று. மைக்கை எவருடைய இடத்தில் நிறுத்துவது என்பதே என்று நான் கருதுகிறேன். அவ்விடத்தைத் தேர்வதோடு கதையின் அர்த்தமும் பாதி நிர்ணயமாகிவிடுகிறது.

செவி திசையறியும் விதத்தை முதலில் சுருங்கக் காண்போம். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி அண்மைச் செவியை அடைந்த பின் மறுசெவியை அடைய ஏறக்குறைய 0.65 மில்லி செகண்டு வரை பிந்துகிறது; உயர் அதிர்வெண்களில் தலை நிழலிட்டு அதன் வலிமையையும் குறைக்கிறது. லார்டு ரேலே 1907இல் விளக்கிய இவ்விரு குறிப்புகளால் வலமும் இடமும் விளங்குமேயன்றி, முன்னும் பின்னும், மேலும் கீழும் விளங்கா. அவற்றுக்குச் செவிமடலின் மடிப்புகள் ஒலியில் விளைக்கும் சூட்சுமமான மாறுதல்கள் துணைசெய்கின்றன. தலையைச் சற்றே அசைத்துப் பார்த்தால் எஞ்சிய ஐயமும் நீங்கும் என்பதை 1940இல் ஹான்ஸ் வாலக் பரிசோதனைகளால் நிறுவினார்.

மனிதத் தலையின் வார்ப்பில் இரு செவிகளின் இடத்தே மைக்குகளைப் பொருத்திச் செய்யும் பைனாரல் பதிவை ஹெட்போனில் கேட்டால் வியப்பூட்டும் அளவுக்கு உண்மை தோன்றும். ஆனால் கேட்பவர் தலையைத் திருப்பினால் பாடகரும் கூட்டமும் ஊரும் கூடவே திரும்பிவிடும். மெய்நிகர் உலகில் இது பெருங்குறை. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மைக்கேல் கெர்சன் 1970களில் வளர்த்த ஆம்பிசானிக்ஸ் முறை வேறு வழியைக் காட்டிற்று. நான்முக வடிவில் நெருக்கி அமைத்த நான்கு மைக்குகளின் ஒலியிலிருந்து, எத்திசைக்கும் பொதுவான ஒரு தடமும், முன்பின், இடவலம், மேல்கீழ் என்னும் மூன்று அச்சுகளுக்குரிய தடங்களும் கணிக்கப்படுகின்றன. கேட்பவர் தலை திரும்புங்கால் எளிய கணக்கினால் அம்மூன்று தடங்களையும் எதிர்த்திசையில் சுழற்ற, உலகம் நிலையாக நிற்கிறது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. நான்கு தடம் கொண்ட முதற்படிப் பதிவு, சாமானிய மனிதத் தலையின் அளவுக்கு, ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலிக்களத்தைச் செம்மையாகத் திருப்பித் தரவல்லது. அதற்கு மேல் திசைகள் மங்கிப் பரவுகின்றன. உடுக்கையின் முழக்கம் கீழே நின்றாலும், விரல் தோலில் படும் அந்தக் கூர்மையான தொடக்கம் அவ்வெல்லைக்கு வெகு மேலே உள்ளது. எனவே பாடகரின் கை எங்கே இருந்தது என்பதைச் சொல்லவேண்டிய ஒலியே மங்கிவிடுகிறது. 16 தடங்கள் கொண்ட மூன்றாம் படிப் பதிவில் எல்லை ஏறத்தாழ 1,900 ஹெர்ட்ஸுக்கு உயரும். செலவு கூடினும் உடுக்கைக்கு அதுவே பொருந்தும்; விலை மலிவு என்று நான்கு தடத்தோடு அமைவது, ஒற்றைத் தட நாடாவின் குறையை வேறு வடிவில் நீட்டிப்பதேயாகும்.

இனி மைக்கின் இடம். கொங்குநாட்டு மாரியம்மன் திருவிழாக்களில் கோயில் முன் மூன்று கவருள்ள மரத்தைக் கம்பமாக நட்டு, மேளம் முழங்க அதனைச் சுற்றி ஆடுவது வழக்கம். ஒலிப்பதிவாளர் எவரையும் கேட்டால், வட்டத்தின் மையமே மைக்குக்கு உகந்தது, எல்லாத் திசைகளும் சமமாகக் கிடைக்கும் என்பார். ஆனால் அம்மையத்தில் கம்பம் நிற்கிறது, கம்பம் அம்மனுக்குரியது. அங்கு மனிதர் எவரும் நின்று கேட்பதில்லை. ஆடுவோர் கேட்பது முன்னும் பின்னும் ஓடும் காலடிகளை. காண்போர் கேட்பது அருகே பெருகி அகன்று மீண்டும் அணுகும் முழக்கத்தை. மையத்துப் பதிவு எவரும் கேட்டிராத ஒரு செவியனுபவத்தைக் கற்பித்துத் தருகிறது. பார்வைக்கு அழகான சமச்சீர் இங்கே சத்தியத்துக்கு விரோதமாகிவிடுகிறது. அண்ணன்மார் கதையிலும் அவ்வாறே: பாடகருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் நடுவே மைக்கை நிறுத்தினால் இரு குரலும் தெளிவாகப் பிரியும், ஆனால் கூட்டம் முற்றிலும் எதிர்ப்புறத்தே சென்றுவிடும். முன்வரிசையில் தரையில் அமர்ந்தவர் செவி உயரத்தில் ஒன்று, கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று என இரண்டு இருக்கைகளையேனும் பதிந்து, இன்ன இருக்கை இன்னது என்று பதிவோடு எழுதிவைப்பதே நேர்மையான முறை.

ஹெட்போனில் கேட்கையில் ஒலி வெளியே தோன்றாமல் தலைக்குள்ளேயே முழங்குவதாக உணர்வது பலருடைய அனுபவம். சுவர்களிற் பட்டு மீளும் எதிரொலிகள் ஒலியை வெளியே நிறுத்த உதவுகின்றன. ஊர்ப்பொதுவில் நிகழும் கதைப்பாட்டிலோ எதிரொலி மிகக் குறைவு. திறந்த வானமும் மண்தரையும் ஒலியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே ஸ்டுடியோவில் அமர்ந்து செம்மை செய்வோர், ஒலி வெளியே நிற்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தாலேயே பெருமண்டபத்தின் எதிரொலியைச் சேர்க்க முற்படுவர். இதனை நான் வன்மையாக மறுக்கிறேன். உழவர் ஊரின் களத்தை நகரத்துக் கச்சேரி அரங்காக மாற்றும் இச்செய்கை, பாட்டின் சமுதாய நிலையையே பொய்யாக்குவது. தலையசைவைப் பின்தொடரும் கருவி தாமதமின்றி இயங்கினால், எதிரொலி சேர்க்காமலே தலைக்குள் முழங்கும் குறை ஓரளவு தணியும். உழைப்பை அங்கே செலுத்துவதே முறை.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்று பல்லடம், உடுமலைப் பகுதிகளில் எத்தகையது என்பதற்கு அங்கு நிற்கும் காற்றாலைகளே சாட்சி. திசையுணரும் மைக்குகள் பொது மைக்குகளைக் காட்டிலும் காற்றுக்கு மிகவும் அஞ்சுவன. நல்ல காப்புறையின்றி அம்மாதங்களில் திறந்த வெளியில் பதிவு செய்யப் புகுவது வீண்.

ஹெட்போனில் கேட்பிக்கும் கணக்குக்கு மனிதச் செவியின் அளவுகள் வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 43 பேரின் செவிகளையும் ஒரு செயற்கை மனித உருவின் இருவகைச் செவிகளையும் 1,250 திசைகளில் அளந்து 2001இல் வெளியிட்ட தொகுதி உலகெங்கும் பயன்படுகிறது. அயலார் செவியளவில் கேட்பவர்க்கு முன்னும் பின்னும் மயங்கும், உயரம் தவறும். செவிமடல் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், அண்டை வீட்டாரின் அளவும் முற்றும் பொருந்தாது என்பது உண்மையே. எனினும் பலருடைய அளவுகள் கைவசம் இருந்தால், கேட்பவர் தமக்கு மிக நெருங்கியதைத் தேர்ந்துகொள்ள இயலும்.

கூட்டத்தோடு கேட்கவேண்டிய கதையைத் தனியே ஹெட்போனில் கேட்பது அதன் தன்மைக்கே மாறுபட்டதன்றோ என்று வினவலாம். வினா நியாயமானது. இக்கதையின் வீரர் மாண்டதை நினைவுகூர்ந்து வீரப்பூர்ப் படுகளத்தில் வீழ்ந்தவர்களை எழுப்பும் சடங்கில் பங்குகொள்பவர் கேட்பதும், அறையில் நாற்காலியில் அமர்ந்தவர் கேட்பதும் ஒருநாளும் ஒன்றாகா. ஆதலின் இப்பதிவை அவ்விடத்தே இருப்பதற்குச் சமம் என்று எவரும் கூறல் தகாது. ஓர் இருக்கையின் சாசனம் என்று கூறினால் போதும். பதிவாளருக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. அருள் வந்தவரின் குரல் திசையோடும் தூரத்தோடும் பதிவாகும்போது, ஊரார் அவரை எளிதில் அடையாளம் காண்பர். அவருடைய இசைவின்றி அதனை வெளியிடலாகாது.

உடுக்கையடித்து முழுக்கதையும் பாடவல்லோர் கொங்குநாட்டில் அருகி வருகின்றனர். கோவையில் பொறியியற் கல்லூரிகள் பல உள. ஒலியியலும் கணினியும் கற்ற இளைஞர் அங்கு ஆயிரக்கணக்கில் பயில்கின்றனர். அக்கல்லூரிகளுள் ஒன்றேனும் எதிரொலியற்ற அறை அமைத்துத் தன் மாணவர் செவிகளை அளந்து வெளியிடவேண்டும். தமிழ்த்துறையினரையும் உடன் அழைத்துக்கொண்டு, கதைப்பாட்டுக்காரர் ஒருவருக்குத் தக்க ஊதியம் அளித்து, அவர் ஊரிலேயே, அவர் கூட்டத்தின் நடுவிலேயே, முன்வரிசைச் செவியுயரத்திலும் கூட்டத்தின் ஓரத்திலும் மைக்குகளை நிறுத்தி அண்ணன்மார் கதையை முழுமையாகப் பதிவு செய்யவேண்டும். இவ்வாண்டுக் காற்று ஓய்ந்தவுடன் இப்பணியைத் தொடங்குமாறு அக்கல்லூரிகளின் ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.