பதினெட்டு வயதுக்குப் பின் ஒரு வீடு

அமெரிக்காவில் அரசின் பொறுப்பில், வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நெடுங்காலம் 18 வயதே எல்லையாக இருந்தது. அதன்பின் திரும்பிச் செல்ல வீடில்லாத பலர் தெருவுக்கு வந்தனர்.

1986-இல் கூட்டாட்சி அரசு முதன்முறையாக, 16 வயதைக் கடந்தவர்களுக்குச் சமையல், வரவு செலவு, வேலை தேடல் போன்றவற்றைக் கற்பிக்க நிதி தந்தது. ஆனால் அந்தப் பணத்தை வீட்டு வாடகைக்குச் செலவிட முடியாது. தங்க இடமில்லாதவருக்குச் சமையல் பாடம் எவ்வளவு தூரம் உதவும்? இந்தக் குறை தீரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் நிதியை 7 கோடி டாலரிலிருந்து 14 கோடியாக உயர்த்தியது. அதில் 30 விழுக்காடு வரை 18 முதல் 21 வயதுக்குள் இருப்போரின் உறைவிடத்துக்கும் உணவுக்கும் செலவிட மாநிலங்களை அனுமதித்தது. இதற்காகப் பாடுபட்ட செனட்டர் ஜான் சேஃபி, சட்டம் கையெழுத்தாகும் முன்பே, அக்டோபரில் காலமானார். திட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

கலிபோர்னியா 2001-இல் தனி இடைக்கால வீட்டுத் திட்டத்தை ஏற்படுத்தியது. பகிர்ந்து வாழும் அடுக்ககம், தனி வாடகை வீடு, தெரிந்த குடும்பத்தோடு தங்குதல் என வடிவங்கள் பல. ஒவ்வொருவருக்கும் வழிகாட்டும் பணியாளர் உண்டு.

2008-ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பும் மாநிலங்கள் பராமரிப்பையே 21 வயது வரை நீட்டிக்கக் கூட்டாட்சி நிதி வழங்கியது.