கல்லில் பதிந்த கையசைவு: அமெரிக்க அரூப ஓவியமும் அச்சுக்கூடங்களும்

இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில் உருவாகி, 1946இல் ‘த நியூயார்க்கர்’ இதழில் விமர்சகர் ராபர்ட் கோட்ஸ் எழுதிய குறிப்பின் வழியாகப் பெயர்பெற்ற அரூப வெளிப்பாட்டியம், காணும் பொருளின் உருவத்தைக் கைவிட்டு, வண்ணத்தையும் கோட்டையும் ஓவியரின் உடலசைவையுமே ஓவியத்தின் உள்ளடக்கமாக்கியது. ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடும் கையசைவை உயிராகக் கொண்ட இவ்வியக்கத்துக்கும், ஒரே படிமத்தைப் பல தாள்களில் எடுக்கும் அச்சோவியத்துக்கும் தொடக்கத்தில் நெருக்கம் ஏற்படாததில் வியப்பில்லை. பின்னர் அந்த நெருக்கம் உருவானதற்கு ஓவியர்களின் ஆர்வத்தைவிடச் சில அச்சுக்கூடங்களின், குறிப்பாக அவற்றை நடத்திய பெண்களின், விடாப்பிடியான முயற்சியே காரணம் என்று சொல்லவேண்டும்.

முதல் தொடர்பு உலோகத் தகட்டின் வழியே நிகழ்ந்தது. ஆங்கிலேயரான ஸ்டான்லி வில்லியம் ஹெய்டர் 1927இல் பாரிசில் தொடங்கி, போரின் காரணமாக 1940இல் நியூயார்க்குக்கு மாற்றிய ‘அத்தலியே 17’ என்னும் பட்டறையில், 1944–45இல் இவ்வியக்க ஓவியரான ஜாக்சன் பொல்லாக் செதுக்கச்சு பயின்றார். கூர்முனைச் சிற்றுளியைப் பிடித்த கையை நிலையாக வைத்துக்கொண்டு, அடியிலுள்ள தகட்டைச் சுழற்றிக் கோட்டை வளைப்பது ஹெய்டர் கற்பித்த முறை. வண்ணத்தைச் சொட்டவிட்டுப் பொல்லாக் பின்னாளில் தீட்டிய ஓவியங்களில் ஓயாது சுழலும் கோட்டின் முன்னோட்டத்தை இத்தகடுகளில் காணமுடிகிறது. ஆயினும் அவர் சில சோதனைப் படிகளை எடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். 1956இல் அவர் மறைந்த பின்னர், மனைவி லீ கிராஸ்னரின் இசைவுடன் 1967இல் ஏழு தகடுகளிலிருந்து ஐம்பது படிகள் கொண்ட பதிப்பு வெளியிடப்பட்டது. ஓவியரே எடுத்த படிகளையும் மறைவுக்குப் பிந்தைய இப்பதிப்பையும் சேகரிப்பாளர்கள் ஒன்றாக மதிப்பதில்லை. 1950இல் ஹெய்டர் பாரிசுக்குத் திரும்பிய பின், சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தவரான கிருஷ்ணா ரெட்டி அப்பட்டறையில் சேர்ந்து, பின்னர் அதன் இணை இயக்குநராகவும் விளங்கினார்.

உண்மையான திருப்பம் 1957இல், நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டிலுள்ள வெஸ்ட் ஐஸ்லிப் என்ற ஊரின் சிறு வீடொன்றில் ஏற்பட்டது. ரஷ்யாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்த தத்தியானா கிராஸ்மன், நோயுற்ற கணவரின் வருவாய் குறைந்த நிலையில், ‘யுனிவர்சல் லிமிடெட் ஆர்ட் எடிஷன்ஸ்’ என்னும் பதிப்பகத்தை அங்கே நிறுவினார். முற்றத்து நடைபாதையில் பதிக்கப்பட்டிருந்த பவேரியச் சுண்ணாம்புக் கற்கள் அவருடைய தொடக்க மூலதனமாயின. கல்லச்சு என்பது எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றோடொன்று சேராத இயல்பை அடிப்படையாகக் கொண்டது: பசையுள்ள மையால் கல்லில் வரைந்து, கல்லை ஈரமாக்கி, அச்சுமையை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். செதுக்க வேண்டிய தேவையின்றித் தூரிகையின் வீச்சை அப்படியே வாங்கிக்கொள்வதால், தகட்டைவிடக் கல்லே இவ்வோவியர்களுக்கு இணங்கி வந்தது. ராபர்ட் பிளாக்பர்ன் என்ற தேர்ந்த கறுப்பின அச்சுக் கலைஞர் அங்கு முதல் அச்சராக இருந்தார். ராபர்ட் மதர்வெல்லும் ஹெலன் ஃபிராங்கென்தாலரும் 1961இல் அங்கே கல்லில் வரையத் தொடங்கினர்.

அந்த வீட்டில் உருவானவற்றுள் பார்னெட் நியூமன் 1963–64இல் செய்த ‘18 காண்டங்கள்’ என்ற தொகுப்பு தனித்து ஆராயத்தக்கது. அவருடைய கித்தான் ஓவியத்தில் வண்ணம் விளிம்புவரை ஓடி, அங்கேயே ஓவியமும் முடியும். கல்லச்சிலோ படிமத்தைச் சுற்றித் தாளின் வெற்றிடம் எஞ்சிவிடுகிறது. அதை மறைக்க முயலாமல், ஒவ்வொரு தாளுக்கும் அதற்கே உரிய ஓர அளவை வகுத்து, அவ்வெற்றிடத்தையும் ஓவியத்தின் பகுதியாக்கினார் அவர். அச்சுக்கலையின் கட்டுப்பாடு ஓர் ஓவியரின் சிந்தனையை இவ்வளவு கூர்மையாக்கியதற்கு வேறு சான்று அரிது. இதற்கு நேர்மாறான வேகத்தை 1960இல் பெர்க்லியில் வில்லம் டி கூனிங் காட்டினார். தரை துடைக்கும் மாப்பையே தூரிகையாக்கிப் பெருங்கல்லில் வரைந்தார்.

அதே 1960இல் ஜூன் வெய்ன் என்ற பெண் ஓவியர், ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியுடன் லாஸ் ஏஞ்சலிஸில் டாமரிண்ட் கல்லச்சுப் பட்டறையைத் தொடங்கி, அருகிவந்த அச்சர் தொழிலுக்குப் புதியவர்களைப் பயிற்றுவித்தார். எத்தனை படிகள் எடுக்கப்பட்டன, அச்சிட்டவர் யார், எந்தத் தாள் என்பனவற்றைப் பதிவுசெய்து, பதிப்பு முடிந்ததும் கல்லிலுள்ள படிமத்தை அழித்துவிடும் நடைமுறையை இப்பட்டறை கண்டிப்புடன் பின்பற்றியது. தாளின் அடியில் பென்சிலால் எழுதப்படும் 7/50 போன்ற பின்னம், ஐம்பது படிகளுள் ஏழாவது என எண்ணிடப்பட்டதைக் குறிக்கிறது. இத்தகைய ஆவணங்களின் துணை இருக்கும்போதுதான் சேகரிப்பாளர் அந்த எண்ணை நம்பமுடிகிறது. எல்லா ஓவியரும் இவ்வழிக்கு வந்துவிடவில்லை. மார்க் ராத்கோ தம் முதிர்ந்த பாணியில் அச்சோவியங்களை வெளியிடவில்லை. எனவே அவருடைய மிதக்கும் வண்ணப் பட்டைகளைத் தாங்கி இன்று ‘பிரிண்ட்’ என்று விற்கப்படுபவை, எவ்வளவு நேர்த்தியாக அச்சிடப்பட்டிருந்தாலும், கித்தான் ஓவியங்களின் ஒளிப்பட நகல்களே.